பழைய அயர்லாந்தில் ஒரு ரொட்டியின் மதிப்பு

ப்ரெஸ் என்ற அரசனின் வீழ்ச்சி மூன்று சின்ன ரொட்டிகளில் வந்து முடிந்தது என்று அயர்லாந்தின் புராணக் கதை ஒன்று சொல்கிறது. கைர்ப்ரே என்ற புலவர் அவன் வீடு தேடி வருகிறார். அவரைத் தங்க வைத்தது குறுகலான, இருட்டடைந்த ஒரு சிறு குடிலில். அங்கே கணப்பு இல்லை, படுக்கை இல்லை, உட்காரக்கூட எதுவும் இல்லை. சாப்பிட வந்தது ஒரு சின்னத் தட்டில் மூன்று ரொட்டி, அதுவும் காய்ந்த ரொட்டி. மறுநாள் காலையில் எழுந்த புலவர் நன்றி சொல்லவில்லை. முற்றத்தைத் தாண்டும்போதே அரசன்மேல் அறம் பாடிவிட்டார். அன்று முதல் ப்ரெஸ்ஸுக்கு இறங்குமுகம்தான். குடிமக்கள் கூடிவந்து ஆட்சியைத் திருப்பிக் கேட்டார்கள்.

இத்தனைக்கும் புலவர் பட்டினி கிடக்கவில்லை. ரொட்டி வந்தது. ஆனால் அவருடைய தகுதிக்கு உரிய ரொட்டி வரவில்லை. அதற்குத் தொட்டுக்கொள்ள வெண்ணெயோ பாலோ இறைச்சியோ வரவில்லை. குற்றம் அதுதான். அதே கதையில் மக்களும் ப்ரெஸ்மேல் ஒரு குறை சொல்கிறார்கள்: அவன் வீட்டுக்கு எத்தனை முறை போனாலும் எங்கள் கத்தியில் கொழுப்புப் படவில்லை என்று. பழைய ஐரிஷ் சமூகத்தில் யாருக்கு எந்தத் தானியத்தில் ரொட்டி, எவ்வளவு பெரிய ரொட்டி, கூட என்ன என்பதெல்லாம் மரியாதைக் கணக்கு. அந்தக் கணக்கைச் சட்டப் புத்தகங்களே எழுதி வைத்திருந்தன.

சரி, எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம்? அயர்லாந்தில் கோதுமை விவசாயம் கி.மு. 4000-க்குப் பிந்தைய சில நூற்றாண்டுகளிலேயே வந்துவிட்டது. ஆனால் மக்கள் என்ன சாப்பிட்டார்கள், அதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது எழுத்தில் கிடைப்பது கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவம் வந்து, மடங்களில் துறவிகள் எழுதத் தொடங்கிய பிறகுதான். அங்கிருந்து 1169-இல் பிரிட்டனிலிருந்து நார்மானியர் படை வந்து இறங்கும் வரை உள்ள காலம்தான் இந்தக் கட்டுரையின் களம். அப்போது அயர்லாந்தில் உருளைக்கிழங்கே கிடையாது. அது அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தது 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். இன்று உலகம் முழுக்க 'ஐரிஷ் ரொட்டி' என்று விற்கப்படும் சோடா ரொட்டியும் அப்போது இல்லை.

அன்றைய மக்களின் வாழ்வு இரண்டு காலில் நின்றது. ஒன்று மாடு, இன்னொன்று தானியம். மாடுதான் சொத்து, ஒருவன் எவ்வளவு பெரிய மனிதன் என்பதைப் பசுக்களின் எண்ணிக்கை சொல்லும். கோடையில் பாலும் தயிரும் பாலாடைக்கட்டியும் வெண்ணெயும் நிறையக் கிடைக்கும். குளிர்காலத்தில் பசுக்களின் மடி வற்றிவிடும். அப்போது வயிற்றைக் காப்பாற்றுவது களஞ்சியத்தில் இருக்கும் தானியம்தான். கூடவே இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நாணயம் அச்சடிப்பது அயர்லாந்தில் 10-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து டப்ளினில் குடியேறிய வைக்கிங்குகளோடுதான் தொடங்குகிறது. அதற்கு முன்பு வாடகையோ வரியோ அபராதமோ எல்லாமே பொருளாகத்தான் கைமாறும். ரொட்டி சட்டத்துக்குள் நுழைந்ததற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அயர்லாந்து மழை நாடு. அந்த ஈரத்தைத் தாங்கி ஓட்ஸும் பார்லியும் ஓரளவு நன்றாக விளையும், கோதுமை அப்படியில்லை. நல்ல நிலம் வேண்டும், அறுவடை நேரத்தில் வெயில் வேண்டும். அதனால் கோதுமை பெரிய இடத்துப் பொருளானது, ஓட்ஸ் சாதாரணக் குடும்பத்தின் தானியமானது. அகழாய்வுகளில் கருகிக் கிடைக்கும் தானியங்களிலும் பார்லியும் ஓட்ஸும்தான் அதிகம், கோதுமை குறைவு.

இந்த வரிசையைச் சட்டம் எவ்வளவு தூரம் கொண்டுபோனது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். காயங்களுக்கு நஷ்டஈடு சொல்லும் ஒரு பழைய சட்ட நூல், காயத்தின் ஆழத்தைத் தானிய மணிகளால் அளக்கச் சொல்கிறது. எல்லோருக்கும் ஒரே மணி இல்லை. பேரரசனுக்கும் பிஷப்புக்கும் தலைமைப் புலவருக்கும் கோதுமை மணியால் அளக்க வேண்டும். தகுதி இறங்க இறங்கத் தானியமும் மாறும். ஓட்ஸைத் தாண்டி, கடைசியில் பட்டாணியும் அவரைக் கொட்டையும் வரும். கொட்டை பெரியதாக இருந்தால் அதே காயத்துக்குள் குறைவாகத்தானே அடங்கும்? ஈடும் அதற்கேற்பக் குறைந்துவிடும்.

குழந்தைகளுக்கும் விலக்கு இல்லை. பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே வேறொரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுப்பது அன்றைய ஐரிஷ் வழக்கம். வளர்ப்பு வீட்டில் அவர்களுக்கு என்ன கஞ்சி தர வேண்டும் என்று சட்ட உரைகள் விளக்குகின்றன. சாதாரணக் குடிகளின் பிள்ளைக்கு மோரிலோ தண்ணீரிலோ காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சி, மேலே பழைய உப்பு வெண்ணெய். பிரபுவின் மகனுக்குப் புதுப்பாலில் பார்லிக் கஞ்சி, புது வெண்ணெய். அரசன் மகனுக்குப் புதுப்பாலில் கோதுமைக் கஞ்சி, தேன். மூன்று பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தாலும், யார் பிள்ளை யார் என்பதைக் கிண்ணத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இப்போது ரொட்டி செய்யும் வேலைக்கு வருவோம். ஒரு ரொட்டிக்குப் பின்னால் இருந்த உழைப்பு தெரியாமல் அதன் மதிப்பு பிடிபடாது.

அறுவடையான தானியம் பெரும்பாலும் ஈரமாகவே வீடு வரும். அப்படியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அரைத்தாலும் மாவாகாமல் கல்லில் அப்பிக்கொள்ளும். அதனால் உலர்த்தும் சூளை இல்லாமல் முடியாது. தரையில் ஒரு குழி, அதிலிருந்து நீளமாக ஒரு வாய்க்கால், அதன் மறுமுனையில் நெருப்பு. குழியின் மேல் மரச்சட்டமும் வைக்கோலும் பரப்பி, அதன்மேல் தானியத்தைக் கொட்டுவார்கள். வாய்க்கால் வழியாக வரும் வெப்பம் மெதுவாக ஈரத்தை எடுக்கும். கொஞ்சம் கவனம் தவறினால் வைக்கோல் பற்றிக்கொள்ளும், மொத்தத் தானியமும் கருகிவிடும். அப்படிக் கருகிய மணிகள்தான் இன்று ஆய்வாளர்களுக்குச் சான்று. கடந்த சில பத்தாண்டுகளில் அயர்லாந்தில் நெடுஞ்சாலைகள் போடத் தோண்டியபோது இத்தகைய சூளைகள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன.

அடுத்தது திருகை. வட்டமான இரண்டு கல், மேல் கல்லில் ஒரு கைப்பிடி. உட்கார்ந்து சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், கை விட்டுப்போகும் வேலை. வசதியான வீடுகளில் இது அடிமைப் பெண்களின் தலையில் விழுந்தது. ஒரு கதை உண்டு: கோர்மக் மக் ஏர்ட் என்ற அரசன் கியர்நட் என்ற சிறைப்பட்ட பெண்ணை விரும்பினான். அவள் கருவுற்று, மாவரைக்க முடியாமல் போனது. அவளுக்காகவே கடல் தாண்டி ஆலை கட்டத் தெரிந்த ஒருவனை வரவழைத்து, அயர்லாந்தின் முதல் தண்ணீர் ஆலையைக் கட்டினானாம். 1024-இல் இறந்த ஒரு புலவரின் பாடலில் இது வருகிறது. நடந்ததோ இல்லையோ, திருகையின் வலி தெரிந்தவர்கள் சொன்ன கதை என்பது மட்டும் தெரிகிறது.

உண்மையான ஆலைகளும் சீக்கிரமே வந்துவிட்டன. ஸ்ட்ராங்ஃபோர்ட் கடற்கழியின் கரையில் நென்ட்ரம் என்ற மடத்தில் கடல் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு ஓடிய ஆலை ஒன்று தோண்டியெடுக்கப்பட்டது. ஓதம் ஏறும்போது அணைக்குள் தண்ணீர் நிரம்பும். கடல் வடிந்ததும் அதைத் திறந்துவிட்டால் சக்கரம் சுற்றும். அதன் மரங்களின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அவை 619 முதல் 621-க்குள் வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. ஆலைக்குத் தண்ணீர் கொண்டுவர அடுத்தவர் நிலத்தில் வாய்க்கால் வெட்ட வேண்டியிருந்தால் என்ன செய்வது என்பதற்குத் தனியாகவே ஒரு சட்டம் இருந்தது. நிலம் கொடுத்தவருக்கு விலை கொடுக்கலாம். இல்லையென்றால் ஆலையில் மாவரைக்க முறைநாள் கொடுக்கலாம். சாதாரண விவசாயிக்கு முழு ஆலை சொந்தமாக இருக்காது, சூளையிலும் களஞ்சியத்திலும் ஆலையிலும் ஒரு பங்குதான் இருக்கும். கிரீத் கப்லஹ் என்ற 8-ஆம் நூற்றாண்டுத் தகுதி நூல், ஒருவன் எந்த நிலை என்று சொல்லும்போது இந்தப் பங்கையும் சேர்த்தே எண்ணுகிறது.

சமூகம் இந்த வேலையைப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே வைத்திருந்தது. சாதாரணக் குடும்பத்துப் பெண்பிள்ளை வளர்ப்பு வீட்டில் கற்க வேண்டியவை திருகை, மாவு பிசையும் மரத்தொட்டி, சல்லடை. பையனுக்கு ஆட்டுக்குட்டி மேய்ப்பது, விறகு வெட்டுவது, அப்புறம் சூளையில் தானியம் உலர்த்துவது. பிரபு வீட்டுப் பெண்ணுக்கு இவை எதுவும் கிடையாது. அவளுக்குத் தையலும் துணி வெட்டுவதும் பூவேலையும். கைக்கு மாவு ஒட்டுமா ஒட்டாதா என்பதும் தகுதியில் சேர்ந்திருந்தது.

சுடுவது எளிய முறைதான். அடுப்பருகே சூடேறிய தட்டைக் கல்லிலோ இரும்புக் கல்லிலோ சுட்டெடுப்பார்கள். ஓட்ஸ் மாவில் கோதுமையைப் போல இழுபடும் பசை இல்லை, அதனால் பொங்காது. மெல்லிய தட்டை ரொட்டியாகத்தான் வரும்.

ரொட்டியின் அளவைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது: ஆண் சுட்ட ரொட்டி, பெண் சுட்ட ரொட்டி. முன்னது பின்னதைவிட இரண்டு மடங்கு பெரியது. கிரீத் கப்லஹ் நூலில் கீழ்நிலைச் சுதந்திரக் குடிமகன் ஒருவன் விருந்தாளியாக வந்தால் என்ன தர வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. பாலும் தயிரும் அல்லது தானியம். 12 அங்குலக் கிண்ணத்தில் கெட்டியான புளித்த பால். ஒரு முழு ரொட்டி, அல்லது பெண் சுட்ட ரொட்டி இரண்டு. வெண்ணெய் கேட்க அவனுக்கு உரிமை இல்லை என்பதையும் நூல் மறக்காமல் எழுதுகிறது. கொஞ்சம் மேலே உள்ள விவசாயிக்குச் சில குறிப்பிட்ட நாட்களில் வெண்ணெய் உண்டு. பிரபுவுக்கு எப்போதும் உண்டு.

இங்கேதான் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் பொருள் முக்கியமாகிறது. சோறும் குழம்பும் மாதிரி, ரொட்டி அடிப்படை; வெண்ணெய், பாலாடைக்கட்டி, உப்பிட்ட பன்றிக்கறி, தேன், வெங்காயம் எல்லாம் அதற்குத் துணை. வயிற்றை நிரப்புவது ரொட்டி, மரியாதையைக் காட்டுவது துணை. கைர்ப்ரே புலவருக்கு வந்தது ஏன் அவ்வளவு பெரிய அவமானம் என்பது இப்போது தெளிவாகும். துணையே இல்லாத ரொட்டியை வைத்தால், உனக்கு எந்தத் தகுதியும் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரிதான்.

வழிப்போக்கருக்குச் சோறில்லை என்று கதவைச் சாத்துவது அங்கே சட்டப்படியே குற்றம். வந்தவரின் மானத்துக்குச் சட்டம் என்ன விலை வைத்திருக்கிறதோ அதன்படி ஈடு கட்ட வேண்டும். யார் வந்தாலும் இல்லை என்று சொல்லாமல் விருந்தளிப்பதையே தொழிலாகக் கொண்ட செல்வந்தர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சட்டம் மிக உயர்ந்த தகுதி கொடுத்தது. அதே போல, தலைவனிடம் மாடு வாங்கி வளர்க்கும் குடியானவன் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய உணவு வரியில் ரொட்டி, கோதுமை, முளைகட்டிய பார்லி, கறி எல்லாம் இருந்தன.

உணவை மறுப்பதையும் சட்டம் ஆயுதமாக்கியது. பெரிய மனிதர் ஒருவர் கடனையோ ஈட்டையோ தர மறுத்தால், பாதிக்கப்பட்டவர் அவர் வீட்டு வாசலில் உண்ணாமல் உட்காரலாம். உள்ளே இருப்பவர் பிணை கொடுக்காமல் சாப்பிட்டால் கடன் இரட்டிப்பாகும். உண்ணாவிரதத்தைக் கண்டுகொள்ளாமல் விடுபவருக்கு ஊரில் எந்த உரிமையும் மிஞ்சாது.

கிறிஸ்தவ மடங்கள் இந்தப் பழைய கணக்கை அழிக்கவில்லை. அதற்குள்ளேயே புதிய அர்த்தத்தைச் சேர்த்தன. இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து நடத்தும் திருப்பலி வழிபாட்டுக்குக் கோதுமை அப்பம்தான் வேண்டும். அதனால் அரசனுக்கு உரிய தானியமே ஆண்டவரின் மேசைக்கும் போனது. டிப்பரரி மாவட்டத்தில் டெரிநஃப்லான் என்ற இடத்தில் 1980-இல் கிடைத்த வெள்ளித் திருப்பலித் தட்டை நினைத்துப் பாருங்கள். அப்பத்தை வைப்பதற்கான தட்டு அது. அதன் விளிம்பு முழுக்கப் பொற்கம்பி வேலை. அயர்லாந்தின் மிகச் சிறந்த பொற்கொல்லர்கள் தங்கள் உச்சத்தைக் காட்டிய இடங்களில் அதுவும் ஒன்று.

மறுபக்கம், துறவிகள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டது எளிய ரொட்டி. இத்தாலி வரை போய் மடங்கள் கட்டிய ஐரிஷ் துறவி கொலும்பானுஸ் தன் விதிநூலில் துறவிக்குக் கீரை, அவரை, தண்ணீரில் கரைத்த மாவு, ஒரு சிறு காய்ந்த ரொட்டி போதும் என்கிறார். பாவங்களுக்குப் பரிகாரம் விதிக்கும் ஐரிஷ் நூல்களில் 'ரொட்டியும் தண்ணீரும்' என்ற தண்டனை திரும்பத் திரும்ப வருகிறது. உடம்பை ஒடுக்குவதோடு, ஒருவனுடைய தகுதியின் அடையாளமான வெண்ணெயையும் கறியையும் பிடுங்கிக்கொண்டு அவனைக் கடைநிலையில் நிறுத்தும் தண்டனையாகவும் அதைப் பார்க்கத் தோன்றுகிறது.

ஸ்காட்லாந்துக் கரையோரம் அயோனா தீவில் ஐரிஷ் துறவி கொலும்பா நிறுவிய மடத்தில் ரொட்டி சுடுபவராக இருந்தவர் ஜெனரேயுஸ் என்ற சாக்ஸன் துறவி. கொலும்பாவின் வரலாற்றை எழுதிய அடோம்னான் அவர் பெயரையே குறிப்பிடுகிறார். 597-இல், இறப்பதற்கு முதல் நாள், முதியவரான கொலும்பா களஞ்சியத்துக்குப் போய் அங்கே குவிந்திருந்த இரண்டு தானியக் குவியல்களை ஆசீர்வதித்தார். நான் போனாலும் என் பிள்ளைகளுக்கு இந்த வருடத்துக்குத் தானியம் இருக்கிறது என்று மகிழ்ந்தார். ஒரு மடாதிபதியின் கடைசிக் கவலை களஞ்சியமாக இருந்ததை அடோம்னான் சிறுமையாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

கில்டேர் மாவட்டத்தில் மூன் என்ற ஊரில் நிற்கும் உயரமான கற்சிலுவையின் அடிப்பகுதியில், பைபிளில் இயேசு கூட்டத்துக்குப் பகிர்ந்தளித்த ஐந்து அப்பமும் இரண்டு மீனும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அப்பங்கள் நல்ல வட்டமானவை. அதே சிலுவையில், பாலைவனத் துறவிகளான பவுலுக்கும் அந்தோனியாருக்கும் காக்கை ரொட்டி கொண்டுவரும் காட்சியும் இருக்கிறது. அயர்லாந்தின் பல சிலுவைகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி இது. மூலக் கதையில், பவுலுக்குத் தினமும் அரை ரொட்டி கொண்டுவந்த காக்கை, விருந்தாளி வந்த அன்று முழு ரொட்டி கொண்டுவருகிறது. அதை யார் பிட்பது என்று இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதை விட்டுக்கொடுத்துப் பொழுது சாய்ந்துவிடுகிறது. ஐரிஷ் சிற்பிகளுக்கு இந்தக் கதை ஏன் இவ்வளவு பிடித்தது என்று யோசித்தால், விருந்தும் ரொட்டியும் தகுதியும் சேர்ந்த அவர்களுடைய சொந்த உலகம் அதில் தெரிகிறது என்றே படுகிறது.

தானியம் பொய்த்தால்? அரசனைத்தான் குற்றம் சொல்வார்கள். 700-ஐ ஒட்டி எழுதப்பட்ட, அரசர்களுக்கான அறிவுரை நூல் ஒன்று, அரசன் நீதியாக இருந்தால்தான் உயர்ந்து வளரும் பயிர் நிறைய விளையும் என்கிறது. ப்ரெஸ் கதையிலும் இதன் நிழல் உண்டு. போரில் தோற்றுப் பிடிபட்ட பிறகு உயிருக்காகப் பேரம் பேசும் அவன், மூன்று மாதத்துக்கு ஒரு அறுவடை தருகிறேன் என்கிறான். நீதிபதி மறுத்துவிடுகிறார்: வசந்தம் உழவும் விதைக்கவும், கோடையின் தொடக்கம் பயிர் பலம் பிடிக்கவும், இலையுதிர்காலத் தொடக்கம் முற்றவும் அறுக்கவும், குளிர்காலம் உண்ணவும், எங்களுக்கு இதுவே சரி என்று.

விளைச்சல் பொய்த்த உண்மையான ஆண்டுகளும் பதிவாகியுள்ளன. ஐரிஷ் ஆண்டுக் குறிப்புகள் 536-இல் 'ரொட்டி அற்றுப்போனது' என்று லத்தீனில் இரண்டே சொல்லில் எழுதுகின்றன. பெரிய எரிமலை வெடிப்பு எழுப்பிய கந்தகத் துகள்கள் சூரியனை மறைத்து, வடகோளம் முழுக்கக் குளிர்ந்த ஆண்டு அது. அயர்லாந்தின் ஓக் மரங்களிலும் அந்த ஆண்டுகளின் வளையங்கள் மிகக் குறுகலாக இருக்கின்றன. பஞ்சத்தைச் சொல்ல மாட்டையோ பாலையோ எடுக்காமல் ரொட்டியை எடுத்திருக்கிறார்கள், கவனியுங்கள்.

சோடா ரொட்டி இந்தக் கதைக்குள் வருவது மிகத் தாமதமாக, 19-ஆம் நூற்றாண்டில் சமையல் சோடா மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு. பழைய ஐரிஷ் வீடுகளில் சுட்டதை ஒத்த ஒன்றைச் சுவைக்க விரும்பினால் ஓட்ஸ் ரொட்டி செய்து பாருங்கள். ஓட்ஸைக் கொரகொரப்பாக அரைத்து, உப்பும் கொஞ்சம் உருகிய வெண்ணெயும் சேர்த்து, சுடுதண்ணீர் விட்டுப் பிசையுங்கள். ஆறினால் மாவு உதிரும், அதனால் சூட்டோடு மெல்லியதாகத் தட்டி, குறைந்த தீயில் கல்லில் போட்டு ஈரம் போகும் வரை விட வேண்டும். அயர்லாந்தின் வடபகுதியில் அண்மைக் காலம் வரை, கல்லில் சுட்ட ஓட்ஸ் ரொட்டியை இரும்புச் சட்டத்தில் சாய்த்துக் கணப்பின் முன்னால் நிறுத்தி மொறுமொறுப்பாகக் காயவிடுவார்கள். அப்படிக் காய்ந்த ரொட்டி பல நாள் கெடாது. சாப்பிடும்போது மேலே வெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், தேனும் இருந்தால் இன்னும் நல்லது.